ஒரு பிரெஞ்சு வார்த்தைக்காகத் தாராவி வரை

நம் பத்திரிகையில் காசிக்குப் போனவர்களும் பத்ரிக்குப் போனவர்களும் எழுதுகிறார்கள். நான் போனது செம்பூரிலிருந்து மாதுங்கா, மாதுங்காவிலிருந்து தாராவி, அங்கிருந்து மறுபடி மாதுங்கா, பிறகு வீடு. எல்லாம் சேர்த்தாலும் பதினேழு மைல் தாண்டாது. ஆனாலும் எழுதுகிறேன். இந்த வழியில் தனியாகப் போக வேண்டி வரும் பெண்களுக்கு ரயில் நேரமும் வண்டிக் கூலியும் தெரிந்திருந்தால் நல்லது. ஐந்தாவது வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி ஜானகி காலேஜில் பிரெஞ்சு படிக்கிறாள். பாரிஸில் ஒரு அம்மாள் நாவல் எழுதி வருகிறாள், பாகம் பாகமாக. சண்டை முடிந்து கப்பல் தபால் ஒழுங்கானதும் மூன்று பாகங்கள் வந்து சேர்ந்தன. நாலாவதை அந்த அம்மாள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். ஜானகி அதைத் தமிழில் நாடகமாக எழுதினாள். நாலு மாதம் எழுதினாள். எழுதுவதற்கு முன் அந்த அம்மாளுக்கே கடிதம் போட்டு அனுமதியும் வாங்கினாள். பதிலை எனக்குப் படித்துச் சொன்னாள்: ஊரை மாற்றலாம், பெயரை மாற்றலாம், உடுப்பை மாற்றலாம், அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை மட்டும் மாற்றக் கூடாது. ஜானகி அப்படியே வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இதை நான் மாதுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போது எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. என் பேத்திக்குப் பாரிஸிலிருந்து கடிதம் வருகிறது என்றால் நான் ஏன் சொல்லாமல் இருக்க வேண்டும்?

கதை இதுதான். லீலா என்று ஒரு பெண், பெரிய வீட்டு மாட்டுப்பெண். புருஷன் பட்டாளத்துக்குப் போயிருக்கிறான். மாமனார் காலமாகிவிட்டார். மாமியார் பொல்லாதவள். லீலாவுக்கு ஒரு டாக்டர் கடிதம் எழுதுகிறான். அவள் அவற்றை அரிசி டின்னில் ஒளித்து வைக்கிறாள், மாமியார் கண்டுபிடித்துவிடுகிறாள். லீலாவாக ஜானகியே நடித்தாள். மாமியாராக ரயில்வே ஆபீஸ் கிளார்க் கிட்டு. அவனுக்குப் புடைவை கட்டிவிட்டால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மாதுங்கா ஹாலில் நாடகம். சனிக்கிழமை ஒத்திகை பார்த்த ஹால் கமிட்டிக்காரர்கள் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார்களாம். அதனால் ஞாயிறு காலை நானும் ஜானகியோடு கிளம்பினேன். என் பிள்ளை, அதாவது ஜானகியின் அப்பா, "கமிட்டி சொல்றதுதான் சரி" என்று பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

செம்பூரில் எட்டு நாற்பதுக்கு வண்டி. கரி எஞ்சின், வெள்ளைப் புடைவை கட்டாதீர்கள். குர்லா இரண்டரை மைல், பன்னிரண்டு நிமிஷம். குர்லாவில் மாறி மின்சார ரயில் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் காக்கவைத்தான். மாதுங்கா வரை மூன்றாம் வகுப்பு இரண்டணா. பெண்கள் பெட்டி முன்னால் நிற்கும் என்றார்கள். அன்று நடுவில் நின்றது. ஓடினோம்.

ஹாலில் கமிட்டி செக்ரட்டரி நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"மாமி, நீங்களே சொல்லுங்கோ. கல்யாணம் ஆன பொண்ணுக்கு அன்னிய புருஷன் லெட்டர் போடறான். அவ அதை அரிசி டின்னுல வெச்சுப் பூட்டிக்கறா. குடும்பம் குடும்பமா வந்து உக்காந்து இதையா பார்க்கறது? மூணு மணிக்குள்ள லெட்டரை எடுத்துடணும். இல்லேன்னா ஹால் கதவைத் திறக்கவே மாட்டேன்."

"லெட்டரை எடுத்தா கதையே இல்லை ஸார்" என்றாள் ஜானகி. "அவளைக் கன்னிப் பொண்ணா ஆக்கிடலாம்தான். ஆனா உறவை மாத்த மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"பாரிஸ்ல இருக்கறவளுக்கு நீ மாத்தினது தெரியப்போறதா?"

"நேக்குத் தெரியுமே."

அவர் விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார். பிறகு ஒரு வழி சொன்னார். பிரெஞ்சு தெரிந்த வேறு ஒருவர் நேரில் வந்து, புத்தகத்தில் உறவு இப்படித்தான் இருக்கிறது என்று கமிட்டி முன்னால் சொல்லட்டும். அப்படிச் சொன்னால், இது அந்த நாட்டு வழக்கம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று வாசலில் போர்டு எழுதி வைத்துவிட்டு நடத்திக்கொள்ளலாம். மூன்று மணிக்குள்.

காலேஜ் லீவு. பிரெஞ்சு வாத்தியார் புனாவில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரெஞ்சுக்கு எங்கே போவது?

கிட்டுதான் சொன்னான். "டாக்டர் வேஷத்துக்கு பூட்ஸ் தைச்சுக் குடுத்தானே, தாராவியில, அவன் பாண்டிச்சேரிக்காரன் பாட்டி. பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன்ல இருந்தானாம். கால் அளவு எடுக்கறச்சே பிரெஞ்சுலதான் எண்ணினான். பேரு அய்யாக்கண்ணு."

ஜானகி ஒத்திகையை விட்டு நகர முடியாது. கிட்டுவும் முடியாது. மூன்று புத்தகங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன். மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

இனி வழி. மாதுங்கா ஸ்டேஷனிலிருந்து சயான் ஒரே ஒரு ஸ்டேஷன்தான், ஓரணா. நான் ஏறிய வண்டி சிக்னலில் நின்றுவிட்டது. இறங்கும்போது ஸ்டேஷன் கடிகாரத்தில் ஒன்று ஐந்து. மேற்குப் பக்கம் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் ஒரு மைல் நடை. முதலில் கழிமுகத்து உப்புக் காற்று வரும், பிறகு தோல் ஊறப்போடும் வாடை. புடைவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டால் பேச முடியாது. பேசாவிட்டால் வழி தெரியாது. ஆகவே எடுத்துவிடுங்கள்; கால் மணி நேரத்தில் பழகிவிடும். வெயிலில் தோல்களை வரிசையாகக் கட்டிக் காயவைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஆள் போகும் அளவுக்கே சந்து. நான் இரண்டு தடவை ஒரே குழாயடிக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் தடவை வந்தபோது தண்ணீருக்கு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஆச்சி, எங்க குழாய விட்டு உங்களுக்குப் போவ மனசில்லியாக்கும்? யாரைத் தேடுதிய?"

"அய்யாக்கண்ணு. பூட்ஸ் தைக்கிறவர்."

"பட்டாளத்தான்னு கேட்டிருந்தா அப்பமே சொல்லியிருப்போம்லா. ஏ பேச்சி, ஒங்க வீட்டுக்காரரத் தேடி ஒரு ஆச்சி வந்திருக்காவ பாரு!"

குடத்தோடு நின்றவளே அவருடைய மனைவிதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் பின்னால் போனேன்.

கடை என்பது ஒரு தகரக் கூரை, ஒரு பலகை, சுவரில் ஒரு கடிகாரம். கடிகாரத்தில் ஒன்று இருபது. அலைந்த அலைச்சலுக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று பயந்திருந்தேன், கால் மணிதான் ஆகியிருக்கிறது என்று பெருமூச்சு விட்டேன். (இந்தப் பெருமூச்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

அய்யாக்கண்ணுவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். விஷயத்தைச் சொன்னேன். புத்தகத்தை நீட்டும்போது என் கை ஒரு நொடி நின்றது. எங்கள் வீட்டில் யாரும் தோல் வேலை செய்கிறவர் கையில் எதையும் கொடுத்ததில்லை. பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. "இரும்மா, கறை பட்டுடும்" என்று எழுந்து போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினார். நான் கையிலேயே கொடுத்தேன். அதுவரை "நீ" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தைப் பிரித்து, பட்டாளத்தில் உத்தரவு வாசிப்பதுபோல் உரக்கப் படிக்கத் தொடங்கியதும், எப்படியோ "நீங்கள்" வந்துவிட்டது.

ஜானகி அடையாளம் வைத்திருந்த பக்கங்களைப் படித்தார். மறுபடி படித்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு யாரும்மா சொன்னது?"

"என் பேத்தி. மாமியார்னு போட்டிருக்கே. பெல்மேர், பெல்மேர்னு பக்கத்துக்குப் பக்கம் இருக்காம்."

"இருக்கு. புருஷன் எங்க இருக்கான்?"

"பட்டாளத்துல."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை ஜானகியிடம் நானே கேட்டிருக்கிறேன், இந்தப் புருஷன் ஒரு தடவைகூட வரவில்லையே என்று. "புது நாவல்ல எல்லாத்தையும் உடைச்சுச் சொல்ல மாட்டா பாட்டி" என்றாள். மேடையில் அவனுக்காக ஒரு போட்டோ மாட்டியிருந்தார்கள், தொப்பியோடு.

அய்யாக்கண்ணு ஒரு வரியில் விரலை வைத்தார். "இதைக் கேளும்மா. 'ஏழு வயசுல நான் இவ கைக்கு வந்தேன்'னு அந்தப் பொண்ணு சொல்லுது. வெள்ளைக்காரங்க ஏழு வயசுலயா கட்டிக் குடுப்பாங்க?"

நான் ஒன்பது வயதில் மாமியார் வீட்டுக்கு வந்தவள். அந்த வரியை ஜானகி எனக்குப் படித்துக் காட்டியபோது, "பாவம், என்னைவிட ரெண்டு வயசு சின்னவ" என்று சொன்னவளும் நான்தான்.

"பெல்மேர்னா மாமியாரும்தான், அப்பன் ரெண்டாவதா கட்டின சித்தியும்தான்" என்றார் அவர். "அவங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இது சித்திம்மா. பொண்ணு கன்னிப் பொண்ணு."

"நிச்சயமா?"

"சைகோன்ல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டு எழுதினாங்க. என்னை வளர்த்தது எங்க சித்தி. அது பேரைச் சொன்னேன். பக்கத்துல பெல்மேர்னு போட்டாங்க. கூட இருந்தவனுங்க, 'டேய், பொண்ணே பார்க்கல, அதுக்குள்ள மாமியாரா'ன்னு ஒரு வருஷம் சிரிச்சானுங்க."

நாடகம் பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அது தோன்றவில்லை. மாதுங்கா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே, பிரெஞ்சு தெரியும், பிரெஞ்சு தெரியும் என்று. மாமியாருக்கும் சித்திக்கும் வித்தியாசம் தெரியாத பிரெஞ்சு என்று செக்ரட்டரி வீட்டு மாமி வாயில் விழுந்து எழுந்திருக்க முடியுமா? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் அவரிடம் இப்படிக் கேட்டேன்:

"நீங்க வந்து, புஸ்தகத்துல இப்படித்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போறும். நாடகம் நடந்துடும். சித்தி சமாசாரம் நமக்குள்ள இருக்கட்டும்."

அவர் புத்தகத்தை மூடினார். "பேத்திக்காகக் கேக்குறீங்க, புரியுது. ஆனா அப்படிச் சொன்னா இந்தப் பொண்ணு புருஷனை ஏமாத்தினவன்னு ஆயிடும். ஏமாத்தாதவ மேல எதுக்கும்மா பழி? எங்க சித்தியை மாமியாராக்கிச் சிரிச்சப்பவே எனக்கு ஆத்திரம் வந்துச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தைந்து. "நேரம் இருக்கு. ஜானகியையே கேட்டுப்போம்" என்றேன்.

"எங்க இருக்கு நேரம்?" என்றாள் பேச்சி. "ஆச்சி, அது பழைய பம்பாய் டயம்லா! ரயிலு டயத்துக்கு முப்பத்தொன்பது நிமிசம் பின்னால ஓடும். இப்பம் ரெண்டே கால் ஆவப்போவுது."

இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் கடிகாரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அது எந்த டைம் என்று கேட்க வேண்டும்.

அய்யாக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ரயிலுக்கு நிற்க நேரமில்லை. ரோட்டில் ஒரு குதிரை வண்டி. வண்டிக்காரன் ஒன்றே கால் ரூபாய் கேட்டான். அய்யாக்கண்ணு ஹிந்தியில் என்னவோ அதட்டிப் பதினாலணாவுக்கு முடித்தார். சயான் பாலத்து ஏற்றத்தில் குதிரை நின்றுவிட்டது. "உத்ரோ மாயி, கோடா தக் கயா" என்றான். குதிரைக்குக் களைப்பாம், இறங்க வேண்டுமாம். ஐம்பத்தொன்பது வயதில் புத்தகப் பையோடு பாலத்து ஏற்றத்தில் நடந்தே ஏறினேன். பாதி வழியில் அவர் பையை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை என் கை நிற்கவில்லை.

ஹால் வாசலில் இறங்கும்போது இரண்டு ஐம்பத்திரண்டு. ரயில் டைம்.

ஜானகியைத் தனியாக மேடைக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னேன். அவள் அந்த ஏழு வயது வரியைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ பாட்டி. செத்துப்போன கிழவரை அவ அப்பா, அப்பான்னுதான் கூப்பிடறா. நம்மாத்துல அம்மாவும் தாத்தாவை அப்பான்னுதானே கூப்பிடுவா? அதனால மாமனார்னு நினைச்சுண்டேன். நேக்குச் சந்தேகமே வரலை."

"இதோ பாருடி. பூட்ஸ்காரர் உன் மேல குத்தம் வராம சொல்லுவார், நான் பேசிக்கறேன். கமிட்டிக்காக விட்டுக்கொடுத்து மாத்தினேன்னு சொல்லிடு. செக்ரட்டரிக்கும் குளிர்ந்துபோயிடும்."

"மாத்தலையே பாட்டி. இப்பத்தான் சரியாப் படிச்சிருக்கேன்."

அவ்வளவுதான். நேரே வெளியே போனாள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். அத்தனை பேருக்கும் நடுவில் அவள் குரல் நடுங்கிற்று, ஆனால் நிற்கவில்லை.

"ஸார், நான் தப்பாப் படிச்சுட்டேன். லீலாவுக்குக் கல்யாணமே ஆகலை. அது மாமியார் இல்லை, சித்தி. இவர்தான் கண்டுபிடிச்சுச் சொன்னார்."

செக்ரட்டரி அய்யாக்கண்ணுவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "இவரா? பி.ஏ. படிக்கிறவளுக்குத் தெரியாதது செருப்புத் தைக்கிறவருக்குத் தெரிஞ்சுதா?" யாரோ சிரித்தார்கள். அய்யாக்கண்ணு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரெஞ்சில் முழுவதும் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். செக்ரட்டரி ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு, "உக்காருங்கோ" என்றார்.

லெட்டருக்கு இனி ஆட்சேபணை இல்லை. கன்னிப் பெண்ணுக்கு டாக்டர் வரன் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம்தான் இருந்தது. போட்டோவைக் கழற்றினார்கள். கிட்டு தலையில் கை வைத்துக்கொண்டான். "நாலு மாசமா மாட்டுப்பொண்ணே, மாட்டுப்பொண்ணேன்னு திட்டி நாக்கு பழகியிருக்கு பாட்டி. மேடையில வந்துடுமே!" வசனம் வசனமாக அடித்து எழுதினோம். எனக்குத் தெரிந்த எழுத்தில் நானும் இரண்டு பக்கம் படி எடுத்தேன்.

ஆறு மணிக்குத் திரை தூக்கினார்கள். ஹால் நிறைந்திருந்தது. நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காட்சி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது காட்சியில் கிட்டு அரிசி டின்னைத் திறந்து கடிதங்களை வாரி எடுத்து, லீலா பக்கம் திரும்பி, முழுத் தொண்டையில் ஆரம்பித்தான்.

"மாட்டு..."

நின்றுவிட்டான். வாய் திறந்தபடி நின்றான். செக்ரட்டரி எழுந்தே விட்டார். ஹாலில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

"...மாட்டுக் கொட்டில்லயாடி வளர்ந்தே?" என்றான் கிட்டு.

அது எழுதிய வசனம் இல்லை. ஜானகிக்கு அதற்கு எழுதிய பதிலும் இல்லை. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"நீங்கதானே வளர்த்தேள், சித்தி."

கைதட்டல் எழும்பிற்று, நிற்கவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அய்யாக்கண்ணு கை தட்டாமல், தலை குனிந்து, துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பக் கடைசி வண்டியை நம்பாதீர்கள். எட்டரைக்கே மாதுங்கா ஸ்டேஷனில் இருங்கள். தாராவிக்குப் போனால் தேடுகிறவரின் பெயரை மட்டும் அல்ல, ஊரார் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள். குதிரை வண்டிக்காரனிடம் பாலத்தில் இறக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அப்போதும் இறக்குவான். தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்பார்கள். வேண்டாம், கேட்டால் கொடுப்பார்கள். நான் அன்று கேட்கவில்லை. பிறகு பத்திரிகைக்கு எழுதுவதற்காக வழியைச் சரிபார்க்கப் போனபோது பேச்சியிடம் வாங்கிக் குடித்தேன்.

ஜானகி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் பாரிஸுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. மார்க்கெட்டில் செக்ரட்டரி வீட்டு மாமி, நான் எதிர்பார்த்தபடியே, வெண்டைக்காய்க் கூடைக்கு மேலிருந்து கேட்டாள்: "ஏன் மாமி, உங்க பேத்திக்குப் பிரெஞ்சு தெரியும்னு சொல்லிண்டிருந்தேளே?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். ஒரே ஒரு வார்த்தை குறைஞ்சுது. அது தாராவியில கிடைச்சுது, நானே போய்க் கொண்டுவந்தேன்" என்றேன்.